சூடேறினால் நின்றுவிடும் ரேப்பர்

கேள்வி: மக்காச்சோளச் சைலேஜ் (காற்றுப் புகாமல் பதப்படுத்தும் பசுந்தீவனம்) உருளைக்குப் பிளாஸ்டிக் சுற்றும் ரேப்பர் வைத்திருக்கிறோம். காலையில் நன்றாக ஓடுகிறது. ஒரு மணி நேரம் போனால், உருளையைச் சுழற்றும் மேசை பாதிச் சுற்றில் சட்டென நிற்கிறது, ஆறவிட்டால் ஓடுகிறது. பம்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஹைட்ராலிக் பம்பு தேய்ந்திருந்தால் ஆயில் சூடேற ஏற மேசை மெல்ல மெல்ல மந்தமாகும். சட்டென நின்றால் முதலில் சோலனாய்டு வால்வைத்தான், அதாவது மின்காந்தக் காயிலால் இயங்கி ஆயிலைத் திருப்பிவிடும் வால்வைத்தான், பார்க்க வேண்டும்.

நின்ற உடனே, சூடு ஆறுமுன் சோதியுங்கள். மேசையருகே யாரும் நிற்கக் கூடாது. காயில் முனையில் கையால் இயக்குவதற்கு ஒரு பின் இருக்கும். அதை அழுத்தியதும் மேசை சுற்றினால் கோளாறு கரண்டில். பின் உள்ளே போகவே மறுத்தால் ஸ்பூல் (வால்வுக்குள் முன்னும் பின்னும் நகரும் தண்டு) இறுகியிருக்கிறது. பின் போயும் மேசை அசையாவிட்டால்தான் பிரஷர் கேஜ் மாட்டி, பிரஷர் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வையும் பம்பையும் பார்க்க வேண்டும். கேஜ் இல்லாமல் ரிலீஃப் ஸ்குருவைத் திருகவே திருகாதீர்கள், ஓஸ் வெடிக்கும்.

கரண்ட் என்றால், பிளக் மாட்டியபடியே ஸ்விட்ச் போட்டு மல்டிமீட்டரில் அளவெடுங்கள். 12 வோல்ட் காயிலுக்கு 11-க்குக் கீழே வந்தால் வயரிலோ எர்த்திலோ இழப்பு. காயிலின் செம்புக் கம்பி 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் மின்தடை ஏறக்குறைய கால் பங்கு ஏறும், இழுவிசை குறையும். குளிர்ந்திருக்கும்போது சமாளிக்கிற குறை வோல்ட்டேஜ், சூட்டில் கைவிடுவது இதனால்தான். உங்கள் பக்கம் உப்புக்காற்று. பிளக் பின்கள் பச்சை பூத்திருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்து, பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக ஒரு எர்த் வயர் இழுங்கள். புதுக் காயில் வாங்குவது அதற்குப் பிறகு.

ஸ்பூல் என்றால் அழுக்கு. ஸ்பூலுக்கும் துளைக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். சேறு ஒட்டிய ஓஸ் கப்ளிங்கைத் துடைக்காமல் செருகினாலே போதும், அழுக்கு உள்ளே போய்விடும். இன்ஜினை நிறுத்தி, ஹைட்ராலிக் லீவரை முன்னும் பின்னும் ஆட்டிப் பிரஷரை இறக்கிவிட்டுக் கழற்றுங்கள். டீசலில் கழுவுங்கள். பனியன் வேஸ்ட்டால் துடைத்தால் நூல் உள்ளே தங்கும். எமரித் தாள் கூடவே கூடாது. ஸ்பூலின் விளிம்பு மழுங்கினால் ஆயில் கசியும். மாட்டும்போது போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக முறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் வால்வு உடல் நெளிந்து ஸ்பூலைக் கவ்விக்கொள்ளும். ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

ஆயில் ஏன் இவ்வளவு சூடாகிறது என்பதையும் விடக் கூடாது. நம் டிராக்டர்களில் பெரும்பாலும் கியர் பம்பு, ஓப்பன் சென்டர், அதாவது வேலை இல்லாதபோது ஆயில் தடையின்றித் தொட்டிக்குத் திரும்பும் அமைப்பு. சில ரேப்பர்களின் வால்வு பிளாக்கில் ஓப்பன், குளோஸ்டு என்று மாற்றும் ஸ்குரு உண்டு. அது குளோஸ்டில் இருந்தால் மேசை சும்மா நிற்கும்போதும் ஆயில் ரிலீஃப் வால்வு வழியே பீறிட்டுச் சூடாகும், இன்ஜினும் திணறும். கையேட்டைப் பார்த்து மாற்றுங்கள்.

பாதி சுற்றிய உருளையை அன்றே முடித்துவிடுங்கள், காற்றுப் புகுந்தால் பூஞ்சணம்தான்.

கேள்வி: உருளையைத் தூக்கும் கை தானாக இறங்குகிறது. வால்வா, சிலிண்டர் சீலா?
— வாசகர், ஒரத்தநாடு

பதில்: கையைத் தூக்கிவிட்டு, பாரம் தாங்கும் ஓஸில் உள்ள ஸ்டாப் வால்வை மூடுங்கள். அப்போதும் இறங்கினால் சீல், நின்றால் வால்வு. சோதனை முடியும்வரை கைக்குக் கீழே யாரும் போக வேண்டாம். கசிவைத் தேட அட்டைத் துண்டைப் பிடியுங்கள், விரலை வைக்காதீர்கள். தோலுக்குள் ஆயில் பாய்ந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.