கிறிஸ்துமஸ் விடுமுறையில் சொத்து வாங்கலாமா, விற்கலாமா? வாசகர் கேள்விகளுக்குச் சட்டப் பதில்கள்

கேள்வி: எங்கள் தந்தை உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். மார்த்தாண்டத்துக்கு அருகே அவர் பெயரில் ஒரு வீடும் 12 சென்ட் நிலமும் உள்ளன. தாயார் இருக்கிறார். நான் ஊரில் இருக்கிறேன், தம்பி லண்டனில் வேலை செய்கிறார், தங்கை திருமணமாகி மஸ்கட்டில் வசிக்கிறார். எல்லோரும் கிறிஸ்துமஸுக்கு வருகிறோம். தம்பிக்கு இரண்டரை வாரம்தான் விடுப்பு. அதற்குள் வீட்டை விற்றுப் பதிவு செய்துவிட முடியுமா? திருமணத்தின்போது நகையும் பணமும் கொடுத்துவிட்டதால் தங்கையின் கையெழுத்து தேவையில்லை என்று உறவினர் ஒருவர் கூறுகிறார்.
- மார்த்தாண்டம் வாசகர்

பதில்: உறவினர் கூறுவது தவறு. அதை நம்பி எழுதப்படும் பத்திரத்தை விவரம் தெரிந்த எவரும் வாங்க மாட்டார்கள். கிறிஸ்தவர்களின் வாரிசுரிமையை 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் நிர்ணயிக்கிறது. அதன்படி, உயிலின்றி இறந்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும், மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் சேரும். பிள்ளைகளுக்குள் மகன், மகள் என்ற வேறுபாடு கிடையாது. ஆகவே உங்கள் தாயாருக்கு ஒன்பதில் மூன்று பங்கும், உங்கள் மூவருக்கும் தலா ஒன்பதில் இரண்டு பங்கும் உண்டு. மகளுக்குச் சீதனம் கொடுத்தால் போதும் என்ற எண்ணம் திருவிதாங்கூர் ஆட்சிக்காலத்தில் 1916-இல் வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தின் மிச்சம். அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே செயலற்றுப்போய்விட்டது என்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. முன்பு திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த உங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956-இல். ஆனால் பழைய வழக்கத்தைச் சொல்லி மகள்களை ஒதுக்குவதை இன்றும் இப்பகுதியில் பார்க்கிறேன். தங்கை கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது தம் பங்கை விட்டுக்கொடுக்க மனமிருந்தால் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். வீட்டை எப்படியும் விற்கத்தான் போகிறீர்கள் என்பதால், தனியாக ஒரு விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணம் செலுத்துவதைவிட நால்வரும் கிரயப் பத்திரத்திலேயே கையெழுத்திட்டு, அவரவர் பங்குப் பணத்தை அவரவர் வங்கிக் கணக்கில் பெற்றுக்கொள்வது நல்லது.

இரண்டரை வாரத்தில் முடியுமா என்றால், பத்திரப் பதிவு முடியும். அதற்கு முன்னால் நடக்க வேண்டிய வேலைகள் முடியாது. டிசம்பர் 25-ஆம் தேதியும் ஜனவரி 1-ஆம் தேதியும் அரசு விடுமுறை. வார இறுதிகளையும் கழித்தால் சார்பதிவாளர் அலுவலகமும் வட்டாட்சியர் அலுவலகமும் உங்களுக்குக் கிடைக்கும் நாட்கள் மிகச் சிலவே. எனவே வாரிசுச் சான்று பெறுவது, பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றுவது, சொத்தின் மீது அடமானம் போன்ற பதிவுகள் உள்ளனவா என்று காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது ஆகியவற்றை ஊரில் இருக்கும் நீங்கள் அக்டோபரிலேயே தொடங்கிவிட வேண்டும். உங்கள் பகுதியின் பழைய மூலப்பத்திரங்கள் பல மலையாளத்தில் எழுதப்பட்டவை என்பதால், வாங்குபவரின் வழக்கறிஞரோ வங்கியோ மொழிபெயர்ப்பு கேட்கக்கூடும். அதையும் முன்கூட்டியே செய்து வையுங்கள். பத்திரத்தில் உள்ள நான்கெல்லைகளும் நிலத்தில் உள்ள எல்லையும் ஒத்துப்போகின்றனவா என்று நில அளவையரை வைத்துப் பார்த்துக்கொள்வதும் அவசியம். இறந்துபோன வாரிசு எவருக்கேனும் வயது நிறையாத பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களில் அவர்கள் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவை. நீதிமன்றங்களுக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறை உண்டு என்பதால், அத்தகைய குடும்பங்கள் இந்த டிசம்பரில் விற்கும் எண்ணத்தையே விட்டுவிடலாம்.

பெரும்பாலோர் இடறி விழும் இடம் வருமான வரி. விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்து, சொத்தின் மொத்த விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் 1 விழுக்காட்டை டிடிஎஸ்ஸாக, அதாவது பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரியாக, பிடித்துக் கட்டினால் போதும். இது உங்களுக்கும் தாயாருக்கும் பொருந்தும். வெளிநாட்டில் வசிக்கும் தம்பி, தங்கை ஆகியோரின் பங்குக்கோ 50 லட்சம் என்ற வரம்பே இல்லை. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கான 12.5 விழுக்காடும் அதன் மேல் கூடுதல் வரிகளும் பிடிக்கப்பட வேண்டும். அதுவும் கிடைத்த லாபத்தின் மீது மட்டுமல்லாமல் அவர்களுக்குக் கொடுக்கும் முழுத்தொகையின் மீதே பிடிப்பதுதான் நடைமுறை. உண்மையான லாபத்துக்கு ஏற்பக் குறைவாகப் பிடிக்கலாம் என்ற சான்றிதழை வருமான வரித்துறையிடம் பெற முடியும், ஆனால் அது வர வாரக்கணக்கில் ஆகும். விமானச் சீட்டு வாங்கும்போதே தம்பியும் தங்கையும் இதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும். குறைவாகப் பிடித்துவிட்டால் பின்னர் வருமான வரித்துறை முதலில் கேள்வி கேட்பது வாங்குபவரிடம்தான் என்பதால், அவரிடம் தம்பி, தங்கையின் வசிப்பு நிலையை மறைக்காதீர்கள். தம்பியின் பணம் அவருடைய என்ஆர்ஓ கணக்கில், அதாவது வெளிநாடுவாழ் இந்தியர் இந்திய வருமானத்துக்காக இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கில், சேர வேண்டும். அங்கிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை, பட்டயக் கணக்காளரின் சான்றோடு வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்தும் விற்பனை ஜனவரிக்குத் தள்ளிப்போனால், தம்பியும் தங்கையும் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன், இந்தச் சொத்தை மட்டும் குறிப்பிட்டு உங்களுக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே பதிவு செய்துவிட்டுப் போகட்டும். லண்டனுக்குத் திரும்பிய பிறகு எழுதினால், இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்திட்டு இங்கே அனுப்பி, வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணமும் செலுத்தியாக வேண்டும். பவரைப் பயன்படுத்தும் நாளில், அதைக் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்கான சான்றையும் கேட்பார்கள்.

கேள்வி: பாளையங்கோட்டையில் உள்ள என் மனையை வாங்க விரும்புபவர் துபாயில் வேலை செய்யும் கிறிஸ்தவ அன்பர். டிசம்பர் கடைசி வாரத்தில்தான் அவருக்கு விடுமுறை. மார்கழியில் கிரயம் செய்து கொடுக்கக் கூடாது என்று என் வீட்டுப் பெரியவர்கள் மறுக்கிறார்கள். நல்ல விலை கைநழுவிப் போய்விடுமோ?
- திருநெல்வேலி வாசகர்

பதில்: சட்டத்துக்கு மார்கழியும் ஒன்றுதான், தையும் ஒன்றுதான். ஆனால் பெரியவர்கள் மனம் கோணக் கையெழுத்திட வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை, ஏனெனில் இருதரப்புக்கும் ஒத்துவரும் வழி இருக்கிறது. கிரய ஒப்பந்தத்தை இப்போது போட்டுக்கொண்டு, கிரயத்தைத் தையில் செய்யலாம். ஒப்பந்தத்தை வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கைமாற்றிக்கொள்வது போதாது. தமிழ்நாட்டில் 2012 முதல் கிரய ஒப்பந்தத்தையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பெரியவர்கள் ஒப்பந்தத்துக்கும் நாள் பார்ப்பார்கள் என்றால் கார்த்திகை முடிவதற்குள், அதாவது டிசம்பர் நடுப்பகுதிக்கு முன்பே முடித்துவிடுங்கள். வாங்குபவர் அப்போது ஊரில் இருக்க மாட்டார் என்பதால், அவருடைய மனைவியோ தந்தையோ அவர் சார்பில் கையெழுத்திடப் பவர் வேண்டும். தையில் கிரயம் நடக்கும்போதும் அதே பவர் உதவும், ஏனெனில் கிரயப் பத்திரத்துக்கு விற்பவரோடு வாங்குபவரின் புகைப்படமும் கைரேகையும் தேவை. முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கினால் அதே அளவு தொகையை அபராதமாகக் கட்ட நேரிடும். தை பிறந்ததும் முகூர்த்த நாட்களில் பத்திரப் பதிவுக்கான டோக்கனுக்குக் கடும் போட்டி இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். மார்கழியில் பதிவு அலுவலகம் காற்றாடுவதை எண்ணி எனக்கு வருத்தம்தான். நிதானமாக வேலை நடக்கும் மாதம் அது.

நல்ல விலை என்று எழுதியிருக்கிறீர்கள். விடுமுறையில் வருபவர் திரும்பும் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறார். வாங்குபவராக வந்தால் அந்த அவசரம் உங்களுக்குச் சாதகம், விற்பவராக வந்தால் அவருக்குப் பாதகம். இப்போது அவசரம் உங்கள் பக்கம் இல்லை.

கேள்வி: கிறிஸ்துமஸ், புத்தாண்டுச் சலுகை என்று அடுக்குமாடிக் குடியிருப்பு விளம்பரம் ஒன்றைப் பார்த்தேன். டிசம்பர் 31-க்குள் 25 விழுக்காடு முன்பணம் கட்டினால் தங்க நாணயமும் மாடுலர் கிச்சனும் இலவசமாம். கட்டலாமா?
- சென்னை வாசகர்

பதில்: கட்ட வேண்டாம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் போடாமல் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணமாகப் பெறுவதே தவறு. விளம்பரத்தில் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அந்த எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டு, கட்டி முடிக்கும் தேதியையும் கார்பெட் ஏரியாவையும் (வீட்டுக்குள் பயன்படுத்தக்கூடிய தரைப்பரப்பு) படித்துவிடுங்கள். கிச்சன் இலவசம் என்றால் அதையும் ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன் விடுமுறையில் வரும்போது பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வாங்க விரும்புகிறான். அவன் பெயரில் முடியாவிட்டால் என் பெயரில் வாங்கலாமா?
- கோவை வாசகர்

பதில்: வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வீடும் மனையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்க முடியாது. வாரிசாகப் பெறுவதற்குத் தடையில்லை. மகனுடைய பணத்தைக் கொடுத்து உங்கள் பெயரில் வாங்கிவிட்டு உண்மையான உரிமையாளர் அவர்தான் என்று வைத்துக்கொண்டால், அது, ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடுக்கும் பினாமிச் சட்டத்துக்குள் வந்துவிடும். அவர் அந்தப் பணத்தை உங்களுக்கு முழுமனதோடு நன்கொடையாகத் தந்து, நீங்கள் உங்களுக்காகவே வாங்கினால் தவறில்லை. அப்போது தோப்பு உங்களுடையது, நீங்கள் உயில் எழுதாமல் போனால் அதில் உங்கள் மற்றப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. இதை மகனிடம் அவர் பணம் அனுப்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.