வெளிநாட்டுப் பயணத்தில் திடீரென்று மருத்துவமனையில் சேர நேர்ந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

உயிருக்கு ஆபத்தென்றால் சிகிச்சைதான் முதலில். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112-ஐ அழைத்தால் போதும். மற்ற நாடுகளின் அவசர எண்ணைக் கிளம்பும் முன்பே குறித்து வையுங்கள்.

நிலைமை சற்றுத் தெளிந்ததும், கூட இருப்பவர் பயணக் காப்பீட்டின் 24 மணி நேர உதவி எண்ணை அழைக்கட்டும். இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். காப்பீட்டு நிறுவனம் செலவை ஏற்பதாக மருத்துவமனைக்கு உத்தரவாதக் கடிதம் அனுப்பினால் கையிலிருந்து பெருந்தொகை கட்டுவதைத் தவிர்க்கலாம். சர்க்கரை, இதயக் கோளாறு போன்றவற்றை மறைத்துப் பாலிசி எடுத்திருந்தால் பணம் மறுக்கப்படலாம்.

தூதரகம் குடும்பத்துக்குத் தகவல் சொல்லும். பொதுவாக பில் கட்டாது.

அப்புறம், பிராண்டு பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும். நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் மூலப்பெயர் (பிராண்டு பெயரல்ல, உள்ளிருக்கும் மருந்துப் பொருளின் பெயர்), அளவு, ஒவ்வாமை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். டிஸ்சார்ஜ் அறிக்கை, அசல் ரசீதுகள், தேவைப்பட்டால் விமானத்தில் பறக்கலாம் என்ற மருத்துவச் சான்று, இவற்றை வாங்காமல் வெளியே வராதீர்கள்.