ஸ்புரூஸின் காகிதப் பொட்டலங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலேயத் தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்புரூஸ் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எங்கள் நீலகிரிக்குச் சிங்கோனா வந்ததில் அவருக்குள்ள பங்கை இரண்டே வரியில் முடித்துவிட்டு, மரப்பட்டையில் ஒட்டிக் கிடக்கும் லிவர்வொர்ட்டுகள் என்ற பாசி போன்ற சின்னச் செடிகளைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறீர்கள். சிங்கோனாப் பட்டையிலிருந்து வரும் மலேரியா மருந்தான கொய்னா எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. இந்தப் பாசியால் யாருக்கு என்ன பயன்? 150 வருடத்துக்கு முந்தைய காய்ந்த துணுக்குகளை இன்னும் ஏன் பத்திரப்படுத்த வேண்டும்?

எஸ்., கோத்தகிரி

அன்புள்ள எஸ்.,

சிங்கோனாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்க வேண்டும்தான். 1860இல் ஈக்வடாரின் சிம்போராசோ மலைச்சரிவில் அவர் சேர்த்தது சுமார் ஒரு லட்சம் விதைகள், 600க்கு மேற்பட்ட நாற்றுகள். அதே வருடம்தான் முதுகும் காலும் முடங்கி அவர் படுத்தார். அந்த உடம்போடுதான் இந்த வேலையைச் செய்து முடித்தார்.

பயன் என்ன என்ற கேள்விக்கு அவரே பதில் எழுதியிருக்கிறார். லிவர்வொர்ட்டை மனிதன் தின்னவோ மருந்தாக்கவோ முடியாமல் இருக்கலாம், ஆனால் அவை இருக்கும் இடத்தில் அவற்றால் பயன் உண்டு, குறைந்தது தமக்குத் தாமே பயனும் அழகும் உள்ளவை என்பது அவர் கருத்து. எனக்கும் அதுதான்.

சரி, காய்ந்த துணுக்குகளுக்கு வருகிறேன். 1849 முதல் 1864 வரை அமேசானிலும் ஆண்டீஸிலும் சேர்த்தவற்றை அவர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். நுண்ணோக்கி முன் அதிக நேரம் நிமிர்ந்து உட்கார முடியாத நிலையிலேயே ஆராய்ந்து, 1884-85இல் சுமார் 700 சிற்றினங்களை விவரித்தார். அவற்றில் நூற்றுக்கணக்கானவை அறிவியலுக்குப் புதியவை. அவருடைய சொந்த லிவர்வொர்ட் ஹெர்பேரியம் (உலர்ந்த செடிகளின் தொகுப்பு) இப்போது மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொட்டலமாக மடித்த காகிதங்களுக்குள் அந்தச் செடிகள் இருக்கின்றன.

ஒரு துணுக்கை எடுத்துத் தண்ணீர்த் துளியில் போட்டால் சிறிது நேரத்தில் இலைகள் விரிந்துவிடும். இலையின் கீழ்மடலில் உள்ள குட்டிப் பை, தண்டின் அடிப்பக்கத்தில் ஓடும் மூன்றாவது வரிசைச் சிற்றிலைகள் எல்லாம் தெளிவாகத் தெரியும். செல்லுக்குள் இருக்கும் எண்ணெய்த் துகள்கள் மட்டும் காயும்போதே மறைந்துவிடும், அவை திரும்பாது.

ஒரு சிற்றினத்தின் பெயர் ஒரு குறிப்பிட்ட மாதிரியோடு கட்டப்பட்டது. 'இலை வட்டம், ஓரம் பல்போன்றது' என்கிற பழைய விவரணை இன்று பத்துச் செடிகளுக்குப் பொருந்தும். எது அந்தச் செடி என்று தீர்மானிக்க அந்தத் துணுக்கைத்தான் பார்த்தாக வேண்டும். ஜெர்மன் மருத்துவர் காட்ஷே சேர்த்த லிவர்வொர்ட் தொகுப்பு, 1943இல் பெர்லின் ஹெர்பேரியம் குண்டுவீச்சில் எரிந்தபோது அழிந்தது. அதன்பின் அவர் பெயரிட்டவற்றைச் சரிபார்க்க, வேறு ஊர்களுக்குப் போயிருந்த இரட்டைப் பிரதிகளைத் தேட வேண்டியிருந்தது. ஸ்புரூஸ் தன் மாதிரிகளைப் பங்குபோட்டுப் பல இடங்களுக்கு அனுப்பிவைத்தது எவ்வளவு நல்ல காரியம் என்று இதை நினைக்கும்போதுதான் எனக்குப் புரிகிறது.

ஒரு வருத்தமும் உண்டு. ஈக்வடாரின் தலைநகர் குய்ட்டோவில் இருக்கும் ஆய்வாளர், தன் மலையில் எடுத்த செடியைப் பார்க்க மான்செஸ்டருக்கோ ஜெனீவாவுக்கோ எழுத வேண்டும். அதனால் இந்தப் பொட்டலங்களைப் படமெடுத்து எல்லோருக்கும் திறந்துவைப்பது அவசரமான வேலை.

அப்புறம், லிவர்வொர்ட்டுகள் ஒன்றோடொன்று பின்னி வளர்பவை. ஒரு செடிக்காகக் கட்டிய பொட்டலத்தில், பெயர்ச்சீட்டில் இல்லாத இன்னொன்றும் கூடவே வந்து காய்ந்திருக்கும். திறந்து பார்ப்பவர்களுக்கு இன்னும் அது கிடைத்துக்கொண்டிருக்கிறது.