வாசகர் கேள்வி – பதில்: ஃப்ளாரன்ஸில் இரண்டே நாள்

கேள்வி: ரோமில் குழுப் பயணம் முடிந்ததும், நானும் எங்கள் ஆச்சியும் ஞாயிறு மாலை ஃப்ளாரன்ஸ் போகிறோம். திங்களும் செவ்வாயும்தான் கையில் இருக்கின்றன. ஆச்சிக்கு 61 வயது, முழங்கால் வலி உண்டு. பைசா சாய்ந்த கோபுரத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: பைசாவை இந்த முறை விட்டுவிடுங்கள். ரயிலில் ஒரு மணி நேரம்தான் என்றாலும், போக வர, நிலையத்திலிருந்து கோபுரம் வரை போய்த் திரும்ப என்று பாதிநாள் கரைந்துவிடும். இரண்டு நாளில் பாதிநாளை இழப்பது பெரிய நஷ்டம்.

அதைவிட முக்கியமான விஷயம், உஃபிட்ஸி ஓவியக்கூடமும், டேவிட் சிலை இருக்கும் அக்காதெமியாவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். அதனால் திங்களைப் பேராலயத்துக்கும் தெருக்களுக்கும் வைத்துக்கொண்டு, செவ்வாயை இந்த இரண்டுக்கும் ஒதுக்குங்கள்.

பேராலயத்தின் பெரிய கவிகை மாடத்தை கட்டடக் கலைஞர் புரூனலெஸ்கி 1420 முதல் 1436 வரை கட்டினார். தரையிலிருந்து மரச்சாரம் முட்டுக்கொடுக்காமல், செங்கலை மீன்முள் வரிசையாகப் பின்னி எழுப்பிய மாடம் அது. மேலே ஏற 463 படிகள், லிஃப்ட் கிடையாது. உள் ஓட்டுக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவே போகும் குறுகிய படிக்கட்டு என்பதால் பாதியில் திரும்பி இறங்குவது நடக்காத காரியம். ஆச்சியை ஏற்றவே வேண்டாம். நீங்கள் மட்டும் மாடம் ஏற அனுமதிக்கும் புரூனலெஸ்கி பாஸ் வாங்குங்கள். ஆச்சிக்கு விலை குறைந்த கிபெர்ட்டி பாஸ் போதும். மாடமும் மணிக்கூண்டும் அதில் சேராது. ஞானஸ்நானக் கோயிலும் பேராலய அருங்காட்சியகமும் அடங்கும். நீங்கள் ஏறி இறங்கும் நேரத்தில் அவர் அருங்காட்சியகத்தில், ஞானஸ்நானக் கோயிலுக்காகச் சிற்பி கிபெர்ட்டி செய்த அசல் வெண்கலக் கதவுகளையும், மைக்கேலாஞ்சலோ முதுமையில் செதுக்கிய பியெத்தா (இறந்த இயேசுவைத் தாங்கும் காட்சி) சிலையையும் நிதானமாகப் பார்க்கட்டும். அங்கே லிஃப்ட் இருக்கிறது.

மாடம் ஏறுவதற்கு நாளும் மணியும் குறித்துத்தான் டிக்கெட். அந்த நேரத்தைத் தவறவிட்டால் வேறு நேரம் தரமாட்டார்கள். பதிவு செய்யும்போது தலைப்பெழுத்தை விரித்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். பேராலயத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை, வரிசைதான் நீளம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புடவை, சுடிதாருக்குத் தடையில்லை, கையில்லாத ரவிக்கை என்றால் ஒரு துப்பட்டா கையில் இருக்கட்டும்.

செவ்வாய் காலை முதல் நேரத்துக்கு அக்காதெமியா, மதியம் இரண்டு மணிக்கு உஃபிட்ஸி. இரண்டுக்கும் நடுவே கால்மணி நடைதான். உஃபிட்ஸியில் மூன்று மணி நேரம் வேண்டும். போத்திச்செல்லியின் ‘வீனஸின் பிறப்பு’ இருக்கும் இரண்டாம் மாடியிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். படிக்கட்டு நீளமானது, லிஃப்ட் எங்கே என்று வாசலிலேயே கேளுங்கள். டிக்கெட்டை அந்தந்தக் கூடத்தின் சொந்த இணையதளத்தில் எடுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளங்கள், விலை கூட இருக்கும்.

ரோமிலிருந்து விரைவு ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். டிக்கெட்டில் ‘சாந்தா மரியா நொவெல்லா’ நிலையம் என்று இருக்கிறதா பாருங்கள். ஊரின் மற்ற நிலையங்களில் இறங்கிவிட்டால் பெட்டியோடு அலைய வேண்டும். தெருவெல்லாம் மேடுபள்ளமான கல்தளம், ஆச்சிக்கு அடி கனத்த ஷூ கட்டாயம். திங்கள் மாலை குன்றின் மேல் இருக்கும் மைக்கேலாஞ்சலோ திடலுக்கு நடந்து ஏறாமல் நகரப் பேருந்தில் போங்கள். காகித டிக்கெட் என்றால் ஏறியதும் இயந்திரத்தில் பதிக்க வேண்டும், பதிக்காவிட்டால் அபராதம்.

கேள்வி: எங்கள் வீட்டு முகப்பிலும் வளவிலும் இத்தாலிய மார்பிள் போட்டிருக்கிறார்கள். தம்பியோடு ஃப்ளாரன்ஸ் போகிறேன். அந்தக் கல்லைப் பற்றி அறிய எங்கே போகலாம்?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: பேராலயத்தின் வெளிச்சுவரிலேயே தொடங்குங்கள். வெள்ளை கராராவிலிருந்து, பச்சை பிராத்தோவிலிருந்து, சிவப்பு மரெம்மாவிலிருந்து வந்தது. கட்டடம் 1296இல் தொடங்கியது. ஆனால் இன்று காணும் முன்முகம் 1887இல்தான் முடிந்தது. நம் பக்கத்துப் பெரிய வீடுகள் பல எழுந்ததும் ஏறக்குறைய அந்தத் தலைமுறையில்தான்.

அடுத்து, அக்காதெமியாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ‘ஒபிஃபீச்சோ தெல்லே பியெத்ரே தூரே’. வண்ணக் கற்களைச் சீவி, இழைத்து, ஓவியம்போலப் பதிக்கும் வேலைக்காக ஊரை ஆண்ட மெதிச்சி குடும்பத்து ஃபெர்தினாந்தோ 1588இல் நிறுவிய பட்டறை அது. மர வில்லில் இரும்புக் கம்பி கட்டி, ஈரமான உராய்வுத் தூள் விட்டுக் கல்லை அறுக்கும் முறையை அதன் சிறிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். காலையிலேயே போங்கள். அந்த வேலையின் முழு வீச்சும் தெரிய வேண்டுமானால் மெதிச்சி சேப்பலில் உள்ள இளவரசர் மண்டபத்துக்குப் போக வேண்டும். சுவர் முழுக்கக் கல் பதித்தது. நம் ஊரில் தளமும் தூணும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒன்றே அந்த ஊருக்குப் போனதை நியாயப்படுத்தும்.

மழை படும் இடத்தில் மார்பிள் சொரசொரப்பாகும். 1504இல் வெளியில் நிறுத்திய டேவிட் சிலையை 1873இல் உள்ளே கொண்டுபோனதும் அதைக் காக்கத்தான். சிலை முன்பு நின்ற சிஞ்ஞோரியா சதுக்கத்தில் இப்போது நிற்பது நகல். உங்கள் வளவு ஓரத்துக் கல்லிலும் புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்காதீர்கள். சுண்ணாம்புக் கல்தான் அதன் மூலம், புளிப்பு அரித்துவிடும்.

கேள்வி: அக்கா மாட்டிறைச்சி தொடமாட்டார். நான் சைவம். சாப்பாட்டுக்கு என்ன வழி?
– வாசகி, தேவகோட்டை

பதில்: உணவுப் பட்டியலில் இந்தச் சொற்களைப் பாருங்கள்: ‘மன்ஸோ’ மாடு, ‘வித்தெல்லோ’ கன்று. ‘மயாலே’ பன்றி. ‘பொல்லோ’ கோழி. தெருவில் விற்கும் ‘லம்ப்ரெதோத்தோ’ மாட்டு இரைப்பை. ‘ராகு’ என்று எழுதிய பாஸ்தாவிலும் மாடு கலந்திருக்கும். உங்களுக்கு ‘பாப்பா அல் பொமொதோரோ’ (தக்காளி, ரொட்டி), ‘ரிபொல்லித்தா’ (பயறு, கீரை, ரொட்டி) இரண்டும் நல்லவை. ஆனால் இறைச்சிச் சாறு ஊற்றியிருப்பார்களா என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். பர்மிஜானோ சீஸில் கன்றின் வயிற்று நொதி சேர்கிறது, சைவத்தில் உறுதியானவர் தவிர்க்கலாம். அங்கத்து ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள். அது கெட்டுப்போன ரொட்டி அல்ல, வழக்கமே அப்படித்தான்.

மதியச் சாப்பாட்டுக் கடைகள் இரண்டரை மணிபோல அடைத்தால் ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும். இடைப்பட்ட நேரத்துக்கு மெர்காத்தோ செந்த்ராலே என்ற மையச் சந்தையின் மாடி கைகொடுக்கும். பில்லில் வரும் ‘கோபெர்த்தோ’ உட்கார்ந்து சாப்பிடும் கட்டணம், ஏமாற்று அல்ல. காப்பியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு. சிஞ்ஞோரியா சதுக்கத்தில் குடிநீர்க் குழாய் இருக்கிறது, இலவசம்.

கேள்வி: அண்ணனும் நானும் ரோமிலிருந்து வாடகைக் கார் எடுக்கலாமா? விசாவுக்கு எப்போது கிளம்ப வேண்டும்?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: கார் வேண்டாம். ஃப்ளாரன்ஸின் பழைய நகரம் முழுக்கத் தடைப்பகுதி. கேமரா எண்ணைப் பிடித்து, ஊர் திரும்பிய பிறகு அபராதம் அனுப்பும்.

இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும். கோடையில் கூட்டம் அதிகம், இரண்டு மூன்று மாதம் முன்பே கொடுப்பது நல்லது. ஆளுக்கொரு விண்ணப்பம், ஆளுக்கொரு காப்பீடு. காப்பீட்டுத் தொகை 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. பல்லவன் ரயிலில் கிளம்பினால் சென்னை சேர மதியமாகும், விசாவுக்குக் கைரேகை கொடுக்க மறுநாள் காலை நேரத்தை வாங்குங்கள்.