ஏரிக்கரையில் பிள்ளைகளுக்கு என்ன வேலை? – கேள்வி பதில்

பள்ளி மாணவர்களின் சுற்றுச்சூழல் மன்றமான பசுமைப் படையின் பொறுப்பாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், ஊர்ப் பணிகளில் பிள்ளைகளை ஈடுபடுத்துவது குறித்துப் பெற்றோர் கேட்டவற்றுக்கு அளித்த பதில்கள்.

எட்டு வயது மகளை ஏரிக்கரையில் பனை விதைக்க அழைத்துச் செல்லலாமா, ஐயா?

தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஆடி, ஆவணியில் விழும் பழங்களைப் பொறுக்கிக் கொட்டைகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நட்டுவிட்டால் பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்காது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கும், அதைவிடக் குறைவான ஆயக்கட்டு உள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. உரியவரிடம் முதலில் கேளுங்கள். பனங்கொட்டையின் முளை முதலில் கீழ்நோக்கியே இறங்குவதால், மாதக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. அந்த மாதங்களில் பிள்ளைகள் தோண்டிப் பார்ப்பார்கள். தை பிறக்கும்போது கிழங்குக்காகப் பெரியவர்களும் தோண்டுவார்கள். ஆகவே கிழங்கு எடுப்பவர்களிடம், இவற்றைத் தோண்ட வேண்டாம் என்று உங்கள் மகளையே போய்ச் சொல்லச் சொல்லுங்கள். விதைப்பதைவிட அந்தப் பேச்சுதான் அவளை ஊரோடு சேர்க்கும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கரையோடு நிற்க வேண்டும், தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. மண் எடுத்த பள்ளங்கள் நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாது.

இதற்குச் சான்றிதழ் கிடைக்குமா?

கிடைக்காது.

எங்கள் பள்ளியில் ஆயிரக்கணக்கில் விதைப்பந்து செய்து வீசினோம். முன்பொரு முறை நீங்கள் அதை வீண்வேலை என்றீர்கள். பிள்ளைகளின் உற்சாகத்தைக் கெடுக்கலாமா?

உற்சாகத்தை நான் குறை சொல்லவில்லை; வீசிய பிறகு அந்த இடத்துக்கு யாராவது திரும்பிப் போனீர்களா என்றுதான் கேட்டேன். ஜப்பானிய இயற்கை வேளாண் அறிஞர் மசானோபு ஃபுகுவோகா, பறவையும் எலியும் விதையைத் தின்றுவிடாதபடி மண்ணில் பொதிந்து, தாம் நாள்தோறும் நடமாடிய வயலிலேயே விதைத்தார். நாமோ ஓடும் பேருந்தின் சன்னல் வழியாக, வெயில் காயும் கட்டாந்தரையில் எறிகிறோம். மேல்மண்ணில் கிடக்கும் முளை ஈரம் போதாமல் காயும், தப்பியதை ஆடு மேயும். மேலும், புல்வெளியாகவே இருக்க வேண்டிய மேய்ச்சல் நிலத்தில் மரம் வளர்க்க யாரைக் கேட்டோம்? அங்கே ஆடு மேய்ப்பவரைக் கேட்டிருந்தால் அவர் வேறு இடம் காட்டியிருப்பார்.

ஆனாலும் நூற்றில் ஒன்று முளைத்தால்கூட லாபம்தானே?

முளைத்த அந்த ஒன்று எங்கே நிற்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தால் லாபம்தான். பத்து வேப்பங்கன்றுகளைத் தெருவில் வைத்து, கன்றுக்கு ஒரு வீடு பொறுப்பேற்றால், தண்ணீர் ஊற்றும் பிள்ளையைத் தெருவே அறியும். இது குறித்து இன்னும் மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். என் பதில் இதுவே.

விடுமுறையில் பிள்ளைகளை வைத்து ஏரியின் நெகிழிக் குப்பையை அகற்றலாமா?

கரையில் கிடப்பதைக் கையுறையுடன் பொறுக்கலாம். கண்ணாடிச் சில்லும் ஊசியும் பெரியவர்களின் வேலை. தண்ணீரில் மிதப்பதை எடுக்க எந்தப் பிள்ளையும் இறங்கக் கூடாது. மேலே சொன்னதையே மறுபடியும் சொல்கிறேன்.

அடுக்குமாடியில் வசிக்கிறோம். ஏரி இல்லை.

பறவைகள் இருக்கும். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டை மாடியில் 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி இ-பேர்ட் தளத்தில் பதியலாம். காகமும் மைனாவும்கூடக் கணக்கில் வரும்.

என் மகனுக்கு மண்வேலையில் ஆர்வமில்லை. வாய் ஓயாமல் கேள்வி கேட்பான்.

அவனைத்தான் நான் முதலில் சேர்த்துக்கொள்வேன். ஏரி மடையைத் திறந்து வயல்களுக்கு நீர் பாய்ச்சிய, நீர்க்கட்டி எனப்படும் ஊர்ப் பணியாளர் எவராவது உங்கள் ஊரில் இன்னும் இருப்பார். ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அவரிடம் அனுப்புங்கள். ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, எத்தனை மதகுகள், ஒவ்வொன்றுக்கும் ஊர் வைத்த பெயர் என்ன, ஏரி நிறைந்து, மிகுந்த நீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் நீர் அடுத்து எந்த ஏரிக்குப் போகும், எந்த ஆண்டில் கரை உடைந்தது என்று கேட்டு எழுதட்டும். பிறகு இருவரும் கரைமேல் நடந்து, எழுதியதை ஒரு வரைபடமாக்கட்டும். ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும் படத்தில் மதகின் எண் இருக்கலாம், பெயர் இருப்பது அரிது. கிராமசபைக் கூட்டத்தில் அந்தப் படத்தை விரித்து வைத்தால், தூர்ந்துபோன வரத்துக்காலைப் பற்றி ஊர் பேசத் தொடங்கும்.

இந்த வரைபடத்துக்காவது சான்றிதழ் உண்டா?

மேலே இரண்டாவது பதிலைப் பார்க்கவும்.