சாம்பிள் ஊற்றியது நான். அபராதமும் என் தலையிலா?

கேள்வி: மதுவகை நிறுவனம் ஒன்றின் விற்பனை ஊக்குவிப்பாளராக, ஒரு பெரிய கடையின் மதுப் பிரிவில் நின்று வேலை செய்கிறேன். என்னை வேலைக்கு எடுத்தது ஓர் ஏஜென்சி. சீருடையும் வாடிக்கையாளரிடம் பேச வேண்டிய வசனமும் மது நிறுவனம் தந்தவை. எங்கே, எத்தனை மணி வரை நிற்க வேண்டும் என்பதைக் கடை மேலாளர் சொல்வார். ஒப்பந்தத்தில் நான் 'சுயேச்சை ஒப்பந்ததாரர்' என்று இருக்கிறது. சென்ற மாதம் ஓர் இளைஞனுக்குச் சாம்பிள் ஊற்றிக் கொடுத்தேன். அவனுக்கு மது வாங்கும் வயது ஆகவில்லை என்று பிறகு தெரிந்து, அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். அடையாள அட்டை பார்க்கச் சொல்லி எனக்கு யாரும் பயிற்சி தந்ததில்லை. இப்போது 'தவறு முழுவதும் என்னுடையதே' என்று கையெழுத்திட்டுத் தரும்படி மேலாளர் கேட்கிறார். தந்தால் கடையின் வழக்கறிஞரே எனக்காகவும் வாதாடுவாராம். ஏஜென்சி என் சம்பளத்தை நிறுத்திவிட்டது; கடைக்கு வரும் அபராதத்தை அதில் கழிப்பார்களாம். ஊக்கத்தொகைக்குப் பதிலாகச் சில மாதங்கள் பாட்டில்களே தந்தார்கள். போதையில் இருந்த ஒருவர் என் இடுப்பில் கைவைத்ததைப் புகார் செய்தபோது, 'இந்த வேலையில் இதெல்லாம் சகஜம்' என்றார்கள். நான் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்தக் கடிதம். கையெழுத்திடாதீர்கள். ஏற்கெனவே இட்டுவிட்டீர்கள் என்றால், எந்த நாளில், யார் முன்னிலையில், என்ன சொல்லி வாங்கினார்கள் என்பதை இன்றைக்கே எழுதி, அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்டு மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. இந்தியச் சட்டப்படி, காவல் அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. மேலாளரிடம் நீங்களாக எழுதிக் கொடுக்கும் ஒப்புதலுக்கு அந்தத் தடை பொருந்தாது. மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கியது என்று காட்டாவிட்டால், அது நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகவே வாசிக்கப்படும். பல நாடுகளின் சான்றுச் சட்டம் ஏறக்குறைய இப்படித்தான். காவல் நிலையத்தில் பேசுவதற்கு அஞ்சுகிறவர்கள், கடையின் பின்னறையில் ஒரு தாளில் கையெழுத்திட அஞ்சுவதில்லை. அஞ்ச வேண்டியது அங்கேதான். என்ன நடந்தது என்ற விவரத்தைக் கேட்டால் நடந்ததை மட்டும் எழுதிக் கொடுக்கலாம்: எத்தனை மணிக்கு, யார் நிற்கச் சொன்னார், என்ன பயிற்சி தந்தார்கள், யார் உடன் இருந்தார். 'தவறு', 'பொறுப்பு', 'மன்னிப்பு' ஆகிய சொற்கள் அதில் வேண்டாம்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. உங்களை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்ற பயம் புரிகிறது. ஆகவே பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான நெறிகளைச் சொல்லி, சட்டம் எப்படி வேறுபடுகிறது என்பதற்குச் சில நாடுகளை எடுத்துக்காட்டுகிறேன். உங்கள் ஊர்ச் சட்டத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

குற்றப் பொறுப்பு யாருடையது? மது விற்கும் உரிமம் கடையின் பெயரில் இருக்கிறது. வயதைச் சரிபார்க்கும் ஏற்பாட்டைச் செய்வதும், அதை ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் உரிமம் பெற்றவரின் கடமை. ஆனால் உரிமம் உங்களுடையது அல்ல என்பதாலேயே நீங்கள் தப்பிவிட முடியாது. இதை மென்மையாகச் சொல்லிப் பயனில்லை: பல சட்டங்கள் மதுவைக் கொடுத்த கையையும் பிடிக்கின்றன. இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தில், 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்கிற எவரும் குற்றவாளி ஆகலாம்; உரிமம் யார் பெயரில் என்பது பிறகுதான். இந்தியாவின் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம், பிரிவு 77, இன்னும் கடுமையானது. 18 வயது நிறையாதவருக்கு மதுவைக் கொடுத்தாலே போதும், விற்றிருக்க வேண்டியதில்லை. ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். 'இலவசச் சாம்பிள்தானே' என்று உங்கள் மேலாளர் சொல்லியிருந்தால், அவர் சட்டத்தைப் படிக்கவில்லை.

எனவே அந்த இளைஞனின் சரியான வயது என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மது வாங்கும் வயது வேறு, 'சிறார்' என்பதற்கான வயது வேறு. அமெரிக்காவில் மது வாங்க 21, சிங்கப்பூரில் 18, மலேசியாவிலும் இலங்கையிலும் 21. இந்தியாவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறி, சில இடங்களில் 25 வரை போகிறது. 19 வயதுக்காரருக்கு, 21 வயது வரம்புள்ள இந்திய மாநிலம் ஒன்றில் கொடுத்திருந்தால், சிறார் நீதிச் சட்டம் வராது. மது விற்பனையை ஒழுங்குபடுத்தும் மாநில ஆயத்தீர்வைச் சட்டம் மட்டுமே வரும். தண்டனையில் பெரிய வேறுபாடு இருக்கும். அதிகாரிகள் தந்த நோட்டீஸில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயரில் நோட்டீஸே வரவில்லை என்றால் அதுவும் முக்கியமான செய்தி.

உங்கள் தற்காப்பு எங்கே இருக்கிறது? இங்கிலாந்துச் சட்டம் அதைத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. அவருக்கு வயது ஆகிவிட்டது என்று நம்பியிருக்க வேண்டும். அத்துடன், வயதை அறிய நியாயமான எல்லா முயற்சியும் எடுத்திருக்க வேண்டும். அல்லது அவருடைய தோற்றத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது என்று காட்ட வேண்டும். இத்தனை வெளிப்படையாக எழுதாத நாடுகளிலும், நீதிபதி கேட்கப்போகும் கேள்விகள் ஏறத்தாழ இவையே. நீங்கள் அட்டை கேட்கவில்லை. அது உங்களுக்குப் பாதகம். ஆனால் கேட்கச் சொல்லி எழுத்துவழி உத்தரவோ பயிற்சியோ இல்லை என்பது கடைக்கு அதைவிடப் பெரிய பாதகம். அதனால்தான் அவர்களுக்கு உங்கள் கையெழுத்து இவ்வளவு அவசரமாகத் தேவைப்படுகிறது.

அன்றைய கண்காணிப்புக் கேமராப் பதிவில் அந்த இளைஞனின் தோற்றமும், நீங்கள் நின்ற இடமும், அருகில் வயது வரம்பு அறிவிப்பு இருந்ததா என்பதும் தெரியும். இத்தகைய பதிவுகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு தாமாக அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருப்பது வழக்கம். பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று நாளும் நேரமும் குறிப்பிட்டு, கடைக்கும் ஏஜென்சிக்கும் இன்றே எழுத்தில் கேளுங்கள். தர மறுக்கலாம், கேட்ட பிறகு அழித்தார்கள் என்பதை நீதிமன்றம் சும்மா விடாது.

அடுத்து, நீங்கள் யாருடைய ஊழியர் என்ற கேள்வி. மூன்று மாமியாருக்கு வாக்கப்பட்ட மருமகள் போல இருக்கிறது உங்கள் நிலை: வேலை ஏவ மூவரும் உண்டு, பொறுப்பு ஏற்க ஒருவரும் இல்லை. ஒப்பந்தத்தில் 'சுயேச்சை' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மலைக்காதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2006ஆம் ஆண்டுப் பரிந்துரை, தாளில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு உண்மையில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. யார் சொல்படி வேலை, யார் குறித்த நேரம், யார் தந்த கருவி, நீங்களே நேரில் செய்ய வேண்டுமா, சம்பளம் முறையாக வருகிறதா என்பவை அது தரும் அடையாளங்கள். 2021இல் ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில் இங்கிலாந்து உச்ச நீதிமன்றமும், எழுத்து ஒப்பந்தத்திலிருந்து தொடங்குவதே தவறு என்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 1978லேயே ஹுசைன்பாய் வழக்கில், இடையில் ஒப்பந்தக்காரர்கள் நின்றாலும், யாருடைய தொழிலுக்காக உழைப்பு போகிறதோ அவரே முதலாளி ஆகலாம் என்று சொல்லிவிட்டது. சீருடை, மனப்பாடம் செய்யச் சொன்ன வசனம், மேலாளர் குறித்த நேரம்: உங்கள் கடிதத்தில் உள்ள இந்த மூன்றும் சுயேச்சையானவருக்கு உரியவை அல்ல. மேலாளரின் வாட்ஸ்அப் செய்திகளை வேறொரு இடத்திலும் சேமித்துவையுங்கள். அலுவலகக் குழுவிலிருந்து உங்களை நீக்கினால் பழைய செய்திகளைத் தேடி எடுப்பது கடினமாகலாம்.

சம்பளத்தை நிறுத்தியதற்கு எனக்குத் தெரிந்த எந்த நியாயமும் இல்லை. நீங்கள் ஊழியர் என்று நிலைநாட்டினால், கடைக்கு வரும் அபராதத்தை உங்கள் ஊதியத்தில் ஏஜென்சி தன் விருப்பப்படி கழிக்க முடியாது. இங்கிலாந்தில், சட்டம் அனுமதித்தால் அல்லது முன்கூட்டியே எழுத்தில் நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் மட்டுமே பிடித்தம் செய்யலாம். சம்பவம் நடந்த பிறகு வாங்கும் ஒப்புதல் அந்தச் சம்பவத்துக்குப் பொருந்தாது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பில், முதலாளி ஊழியருக்கு விதிக்கும் அபராதம் அந்த ஊதியக் காலத்துச் சம்பளத்தில் மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கும் முன்னறிவிப்பு ஒட்டப்பட்டிருக்க வேண்டும், உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு மாதச் சம்பளம் முழுவதையும் பிடித்துவைப்பது எந்தக் கணக்கிலும் வராது. தொழிலாளர் துறையில் ஊதியக் கோரிக்கை மனு தாக்கல் செய்யுங்கள். ஏஜென்சி, கடை, மது நிறுவனம் மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். அவர்களில் யார் முதலாளி என்று அவர்களே அடித்துக்கொள்ளட்டும். காலக்கெடு மட்டும் கவனம். சில நாடுகளில் அது மாதக் கணக்கிலேயே முடிந்துவிடும்.

பாட்டில் விஷயத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. கூலிக்குப் பதில் சாராயம் கொடுப்பது பழைய தோட்ட முதலாளிகளின் பழக்கம். அது சீருடை அணிந்து கடைக்குள் வந்திருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை, ஊதியத்தைக் கடும் மதுவாகத் தருவதை எந்தச் சூழ்நிலையிலும் அனுமதிக்கக் கூடாது என்கிறது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமும், பணி ஒப்பந்தத்தின் பகுதியாக மது தருவதைத் தடுக்கிறது. இந்தியாவில் ஊதியம் பணமாகவோ காசோலையாகவோ வங்கிக் கணக்கிலோதான் வர வேண்டும். ஊக்கத்தொகை ஒப்பந்தப்படி உங்களுக்குச் சேர வேண்டியது என்றால் அந்தத் தொகையைப் பணமாகவே கேளுங்கள். ஒரு வேண்டுகோள்: கையில் இருக்கும் பாட்டில்களைத் தெரிந்தவர்களுக்கு விற்றுவிடாதீர்கள். உரிமம் இல்லாமல் மது விற்றதாக இரண்டாவது வழக்கு வரும். அது முதலாவதைவிட நிரூபிக்க எளிது.

இடுப்பில் கைவைத்தவரைப் பற்றி. 'சகஜம்' என்பது சட்டத்தில் ஒரு பதில் அல்ல. தொட்டவர் வாடிக்கையாளர் என்றாலும் பாதுகாக்கும் கடமை வேலை தருபவருக்கு உண்டு. பணியிட வன்முறை, தொல்லை குறித்த சர்வதேச உடன்படிக்கை 2019இல் ஏற்கப்பட்டு, 2021 ஜூன் 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை ஏற்று உறுதிசெய்த நாடுகளில், ஒப்பந்தத்தின் பெயர் எதுவானாலும் வேலை செய்பவர் அனைவரையும் அது காக்கிறது. வெளியாட்களால் வரும் தொல்லையையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், ஏஜென்சி மூலம் வந்த தற்காலிகப் பணியாளரையும் 'ஊழியர்' என்றே வரையறுக்கிறது. பணியிடத்துக்கு வந்துபோகும் பிறரிடமிருந்தும் பாதுகாப்புத் தர வேண்டும் என்கிறது. புகாருக்குக் காலக்கெடு மூன்று மாதம்; தக்க காரணம் காட்டினால் மேலும் மூன்று மாதம். வாய்மொழியாகச் சொன்னதை இப்போது எழுத்தாக்குங்கள். யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பதில்தான் உங்கள் வழக்கின் பலம்.

'அப்படியானால் பெண்கள் இந்த வேலைக்கு ஏன் வர வேண்டும்' என்று யாராவது உங்களிடம் கேட்டிருப்பார்கள். மது அருந்தும் இடங்களில் பெண்களைப் பணியமர்த்தக் கூடாது என்றிருந்த 1914ஆம் ஆண்டு பஞ்சாப் ஆயத்தீர்வைச் சட்டப் பிரிவை, அனுஜ் கார்க் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் செல்லாததாக்கியது. பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணின் வேலையைப் பறிக்காமல், வேலை செய்யும் இடத்தைப் பாதுகாப்பானதாக்குவதே அரசின் கடமை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இலங்கையில் இதைப் போன்ற ஒரு தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்கினார்; சில நாட்களிலேயே அந்த நீக்கத்தை ரத்து செய்யும்படி ஜனாதிபதி உத்தரவிட்டார். ஆகவே உங்கள் நாட்டில் பெண்களுக்கு இந்த வேலையே தடையா, கடையில் சாம்பிள் தருவதே அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். சாம்பிளுக்கே அனுமதி இல்லாத இடம் என்றால், உங்களைக் குற்றம் சாட்டும் கடையும் நிறுவனமும் தங்களுக்கே குழி தோண்டுகின்றன.

வேலையில் தொடர்வதென்றால், சாம்பிளை யார் ஊற்ற வேண்டும், வயதை யார் சரிபார்க்க வேண்டும், போதையில் வருகிறவரை மறுக்க உங்களுக்கு அதிகாரம் உண்டா என்பதைக் கடையிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். வரும்வரை பேச்சு மட்டும் உங்களுடையது, பாட்டிலைத் திறப்பது கடை ஊழியருடையது என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, கடையின் வழக்கறிஞர். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கடையைக் காப்பாற்ற அவர் சொல்ல வேண்டிய முதல் வாதம், 'தவறு செய்தது அந்தப் பெண்' என்பது. உங்களைக் காப்பாற்றச் சொல்ல வேண்டிய முதல் வாதம், 'கடை பயிற்சி தரவில்லை' என்பது. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது. நலன்கள் மோதும் இருவருக்காக ஒரே வழக்கறிஞர் ஆஜராவதை வழக்கறிஞர்களின் தொழில்நெறியே ஏற்பதில்லை. கட்டணம் தர வழியில்லை என்றால் இலவசச் சட்ட உதவி மையத்தை அணுகுங்கள். இந்தியாவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, அந்த உதவி கிடைக்கும். போகும்போது ஒப்பந்தம், நோட்டீஸ், சம்பளச் சீட்டுகள், செய்திகளின் நகல், மேலாளர் கையெழுத்துக் கேட்ட அந்தக் கடிதத்தின் படம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.