முதலில் மெக்கானிக், பிறகு கார்

கேள்வி: 2018ஆம் ஆண்டின் ஃபோர்டு ஈகோஸ்போர்ட் டீசல் ஒன்று விலைக்கு வருகிறது. 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, 5.75 லட்சம் கேட்கிறார்கள். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என ஐந்து பேர், திருநெல்வேலியில் இருக்கிறோம். கடையைக் கட்டிய நிறுவனத்தின் காரை வாங்குவதா என்று மைத்துனர் தடுக்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் உங்கள் மைத்துனரின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று அப்போதே சொன்னார்கள், தொடரவும் செய்கிறது. முன்புபோல ஊருக்கு ஊர் ஷோரூம்தான் இல்லை. ஆகவே காரைப் பார்க்கப் போகும் முன் மெக்கானிக்கைத் தேடுங்கள். உங்கள் ஊரில் இல்லையென்றால் நாகர்கோவிலோ மதுரையோ, எந்தப் பட்டறையில் இன்றைக்கும் ஈகோஸ்போர்ட்டுகள் வேலைக்கு நிற்கின்றன என்று நேரில் போய்ப் பாருங்கள். அங்கே கேட்க வேண்டியவை இரண்டே. ஃபோர்டின் மின்னணுப் பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர் இருக்கிறதா? கடைசியாக ஹெட்லைட் ஆர்டர் கொடுத்தபோது எத்தனை நாளில் வந்தது? ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் போன்றவற்றுக்குத் திண்டாட வேண்டியிருக்காது. காக்கவைப்பவை பம்பர், விளக்கு, கண்ணாடி, மின்னணுப் பெட்டிகள்தான்.

"ஃபோர்டு திரும்பி வருகிறதாமே" என்று தரகர் சொல்வார். மறைமலை நகர் ஆலையை மறுபடி பயன்படுத்த 2024இல் தமிழ்நாடு அரசிடம் விருப்பக் கடிதம் கொடுத்தது உண்மைதான். ஆனால் அது ஏற்றுமதிக்கான உற்பத்தி. உங்கள் பம்பருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உங்களுக்கு வந்திருப்பது 1.5 லிட்டர் டீசல், ஐந்து கியர் மேனுவல். இந்த வரிசையில் நான் முதலில் கைகாட்டுவதும் அதைத்தான். 2017 கடைசியில் ஈகோஸ்போர்ட்டைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் இருக்கும். அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பிறகு வந்த மூன்று சிலிண்டர் பெட்ரோலின் ஆட்டோமேட்டிக், கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை, அதை நம்பலாம்.

டீசலில் கவனம் முழுக்க டைமிங் பெல்ட்டில், அதாவது பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பட்டையில் இருக்கட்டும். அது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி, இன்ஜினைப் பிரித்துப் போட வேண்டியதாகிவிடும். கையேட்டில் கிலோமீட்டர், வருடம் என இரண்டு கணக்கும் இருக்கும். எது முந்துகிறதோ அதுதான் கெடு. வண்டிக்கு வயதாகிவிட்டது, மாற்றியதற்கு பில் இருக்கிறதா? "மாற்றியாச்சு சார்" என்பது பில் ஆகாது. இல்லையென்றால் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் வாங்கிய வாரமே மாற்றுங்கள். மெக்கானிக்கிடம் அதற்கான தொகையை எழுதி வாங்கி, விலை பேசும்போது அந்தத் தாளை மேசையில் வையுங்கள்.

காரைக் காலையில், விற்பவர் ஸ்டார்ட் செய்யும் முன்பே போய்ப் பாருங்கள். முதல் வேலையாகப் பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்காகவே யாரோ ஓட்டி வைத்திருக்கிறார்கள். அன்றைக்குத் திரும்பி, இன்னொரு நாள் போங்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் சுற்றில் எப்படி எடுக்கிறது, என்ன நிறத்தில் புகை வருகிறது என்பதை ஸ்டார்ட் ஆகும் அந்தச் சில நொடிகளில்தான் பார்க்க முடியும். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து போகும் குழாய்களின் இணைப்பில் விரலால் தடவிப் பாருங்கள். லேசான பிசுக்கு பரவாயில்லை, ஆயில் சொட்டினால் செலவு.

பின்கதவு மேலே தூக்கும் கதவல்ல, ஸ்டெப்னியைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் திறப்பது. பாதி திறந்து நிறுத்தி, லேசாக மேலே தூக்கிப் பாருங்கள். கீல் தேய்ந்திருந்தால் ஆட்டம் கையில் தெரியும், மேட்டில் சத்தமாகக் கேட்கும். வீட்டில் சுவரை ஒட்டி நிறுத்துபவரா நீங்கள்? அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் காரை முன்னால் நகர்த்தித்தான் மளிகைப் பையை எடுப்பீர்கள்.

கடன் முடிந்ததற்கான படிவம் 35, பெயர் மாற்றத்துக்கான 29, 30, நிலுவை அபராதம் இவை வழக்கமான சரிபார்ப்புகள். தயாரிப்பு நிறுத்தப்பட்ட காருக்கென்று தனியாக ஒன்று உண்டு: இன்சூரன்ஸ் மதிப்பு, அதாவது பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் விலை. பழுதுச் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று கணக்கை முடித்துவிடுவார்கள். உதிரிபாக விலை ஏறி, கார் மதிப்பு இறங்க இறங்க, நடுத்தர விபத்துகூட அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். பிரீமியத்தில் சில நூறு மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்துப் போட ஏஜென்ட் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துப் போய்ப் பின்சீட்டில் உட்காரவைத்து அரைமணி நேரம் ஓட்டுங்கள். தரையிலிருந்து 200 மில்லிமீட்டர் உயரம் நம் வேகத்தடைகளுக்கு அருமை, அம்மாவின் முழங்காலுக்கு எப்படி என்று அவர்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சிறியவர்கள் என்றால் மூவரும் வசதியாகவே உட்காரலாம். கல்லூரிக்குப் போகும் வயதென்றால் தோளோடு தோள் இடிக்கும். அப்போது இதைவிட அகலமான வண்டியைத் தேடுங்கள்.